முகவரியும் பேரும்

இலக்கியத்தைப் பற்றி எழுத வந்தவர்கள் தபாலைப் பற்றிப் பேசுவதேன் என்று வாசகர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் எழுத்து என்பது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்லும் பொருள். அது செல்லும் பாதையை மறந்துவிட்டு அதன் அழகை மட்டும் ஆராய்வது, தண்ணீர் வராத ஊரிற் குடத்தின் வேலைப்பாட்டைப் புகழ்வதற்கு ஒப்பாகும். இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்கள் சேர்ந்த சப்ரகமுவ மாகாணத்தின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் இணையம் புகுந்த பின்னர் பேச்சும் எழுத்தும் அடைந்துள்ள மாற்றத்தை மதிப்பிட வேண்டுமாயின், தபாலிலிருந்தே தொடங்க வேண்டும்.

தோட்டத்து லயக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லை. வீதிப் பெயர் இல்லை, இலக்கம் இல்லை. நிலம் தோட்டத்தினுடையது, லயமும் தோட்டத்தினுடையது, ஆகவே கடிதமும் தோட்டத்தின் பெயருக்கே வருகிறது. அது முதலில் தோட்ட அலுவலகத்தை அடையும். அங்கிருந்து, கொடுப்பவருக்கு நினைவு வரும்போது, பிரட்டுக் களத்திலோ வேலை மலையிலோ உரியவர் கைக்குப் போய்ச் சேரும். சில ஆண்டுகளுக்கு முன்னர், நம்மிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவி ஒருத்திக்கு நேர்முகப் பரீட்சை ஒன்றுக்கான அழைப்பு வந்தது. மேசையொன்றில் எட்டு நாள் உறங்கிய அக்கடிதம் அவள் கைக்குக் கிட்டியபோது பரீட்சைத் தினம் கடந்து மூன்று நாளாகியிருந்தது. இன்று அவள் ஓர் ஆடைத் தொழிற்சாலையிலே தையற்பொறிக்கு முன்னால் அமர்ந்திருக்கிறாள். எவரையும் பெயர் குறித்துக் குற்றஞ்சாட்டுவது நமது நோக்கமன்று. ஒருவரின் அசட்டை என்று சொல்லி முடித்துவிடக் கூடிய குறையும் அன்று இது. முகவரி இல்லாத மனிதர் பிறருடைய மறதிக்கு எளிதில் இரையாகின்றனர் என்பதே இதிற் கண்ட உண்மை.

இத்தகைய மக்களின் கையிலேதான் கைத்தொலைபேசி வந்து சேர்ந்தது. அதன் பத்து இலக்கங்கள், தோட்டத் தொழிலாளி ஒருத்திக்கு வாழ்நாளிற் கிடைத்த முதலாவது சொந்த முகவரியாகும். துரையின் அனுமதி வேண்டாமல், கணக்கப்பிள்ளையின் கையைத் தொடாமல், செய்தி நேரே அவளை அடைகிறது. இதனைச் சிறு பேறு என எண்ணுவோர் தோட்டத்தின் சரித்திரத்தை அறியாதவர்கள்.

அச்சரித்திரம் ஒரு வகையிலே செய்தித் தடையின் சரித்திரம். தொழிலாளியின் கடனைக் குறித்து, அந்தக் கடனோடு அவனையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிய துண்டு முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்தக் கடதாசி அவனைப் பற்றியது, அவனுக்கு உரியதன்று. வெளியார் தோட்டத்துள் நுழைவதே அத்துமீறலாகக் கருதப்பட்ட நாட்களிலே, கோ. நடேசய்யர் புடைவை வியாபாரிபோல் வேடமிட்டு உள்ளே சென்று தொழிலாளரின் நிலைமையை அறிந்தார். 1924இல் தேசபக்தன் பத்திரிகையைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் அரசியலைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார். 1940இல் அப்பாடல்களைச் சிறு நூலாகவும் வெளியிட்டார். அச்செழுத்து எட்டாத காதுக்குப் பாட்டு எட்டியது. 1930இற் பிறந்த வீரகேசரியை ஒருவர் வாசிக்க, லயத்து வாசலிற் பலர் குந்தியிருந்து கேட்ட காட்சியை முதியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம்.

பிறகு பிரிவு வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று பங்கிட்டது. அண்ணன் இங்கே, தங்கை அங்கே எனக் குடும்பங்கள் பிளவுண்டன. அப்படிப் போனவர்கள் நீலகிரியிலும் பிற இடங்களிலும் மீண்டும் தேயிலைச் செடிக்கே கூலியாயினர். ஆண்டுக்கு ஒரு கடிதம் வந்தது. பின்னர் அதுவும் நின்றது. இன்று இறக்குவானையில் உள்ள ஒரு மூதாட்டி, கூடலூரில் உள்ள தன் தங்கையின் முகத்தைக் கைத்தொலைபேசித் திரையிற் காண்கிறார். இருவரும் பேசுவது குறைவு, பார்த்திருப்பதே மிகுதி. இரண்டு அரசாங்கங்கள் கூடிப் பிரித்ததை ஓர் உள்ளங்கைப் பொறி சற்று நேரம் சேர்த்து வைக்கிறது. இக்காட்சியைக் கண்ட பின்னும் இணையத்தை வெறும் களியாட்டு என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

இன்னும் இரு பேறுகளைக் குறிப்பிட வேண்டும். முதலாவது, குரற்செய்தி. எழுதத் தெரியாத தாய், வட்ஸ்அப்பில் ஒரு பொத்தானை அழுத்திப் பேசி, கொழும்பிலே கடையில் நிற்கும் மகனுக்கு அனுப்புகிறாள். பிறரைக் கொண்டு கடிதம் எழுதுவித்த நாட்களிலே, எழுதுபவர் முன்னிலையிற் சொல்லக்கூடியதை மட்டுமே அவள் சொன்னாள். இப்போது எல்லாவற்றையும் சொல்கிறாள். இரண்டாவது, நூல். 2005இற் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் எவரும் பணமின்றி வாசிக்கும்படி வைத்துள்ளது. பொது நூலகம் எட்டாத் தொலைவில் உள்ள தெரணியகலைத் தோட்டத்து மாணவன், 1966 முதல் பல்லாண்டு வெளிவந்த மல்லிகையின் பழைய இதழை இன்று கையிலே விரித்துப் பார்க்க முடியும். நாம் மாணவராயிருந்த காலத்தில் இதற்காகப் பல்கலைக்கழகம் வரை போகவேண்டியிருந்தது.

முடியும் என்றோம். எவரால் முடியும்? இவ்விடத்திலேதான் புகழ்ச்சி நின்று விமர்சனம் தொடங்குகிறது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி இணையத்துக்கு மாறியது எனச் சொல்லப்பட்டது. ஆனால் ஒரு வீட்டில் ஒரு கைத்தொலைபேசி. அதுவும் தகப்பனோடு வேலைக்குச் சென்றுவிடும். மூன்று பிள்ளைகளுக்கும் மாலையில் ஒரு மணித்தியாலம். சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளை நாம் அறிவோம். 2021இல் ஊவா மாகாணத்தின் போகிட்டியாவ என்னும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் பாறை மலையேறிப் பாடங்கேட்ட செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. இல்லாமைக்கு இனமில்லை என்பதற்கு அது சான்று. அதே 2021இன் மார்ச்சிலேதான், பல்லாண்டுப் போராட்டத்தின் பின், தோட்டத்து நாட்கூலி 1,000 ரூபாவாக வர்த்தமானியில் விதிக்கப்பட்டது. மாதம் முழுதும் வேலை கிடைப்பதும் இல்லை. மலிவான ஒரு கைத்தொலைபேசிக்கே ஒரு மாதக் கூலியின் பெரும்பகுதி போய்விடும். 2022 செப்டம்பரில் தொலைபேசிக் கட்டணங்கள் நூற்றுக்கு இருபது வீதம் உயர்ந்தன. கதவு திறந்திருக்கிறது என்பது மெய். ஆனால் வாயிலில் நாள்தோறும் ரீலோட் என்னும் சுங்கம் அறவிடப்படுகிறது. பெண் பிள்ளைக்கு அக்கதவும் பாதியே திறக்கும். அண்ணனிடம் கைத்தொலைபேசி இருந்தால் அது உலக அறிவு. தங்கையிடம் இருந்தால் அது குடும்ப மானத்துக்கு ஆபத்து என்று கருதும் வீடுகள் இன்னும் பல.

மொழியின் நிலையையும் பார்ப்போம். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்புத் திருத்தப்பட்டது. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளிற் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயத்தையும் மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியிலே தித்வா சூறாவளி வந்தபோது கேகாலை, கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. அப்போது எச்சரிக்கைகள் உரிய வேளையிலே தமிழில் வரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. கையிற் கைத்தொலைபேசி இருந்தது, சிக்னலும் இருந்தது, சொல் இல்லை. கருவி சென்ற இடமெல்லாம் செய்தி சென்றது என்று கணக்கெழுதுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். சென்ற ஆண்டு நமது மாணவன் ஒருவன் பன்னிரண்டு அடிகளில் ஒரு கவிதை எழுதி வகுப்பு நண்பர்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினான். அவன் தாய் இறப்பர் மலையிற் பால் வெட்டுபவள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வேலை இல்லையாயின் செக்ரோலிற் பேர் விழாது. தோட்டத்துத் தமிழிலே பேர் என்றால் ஒரு நாட்கூலி. பாதி நாட்கூலி அரைப்பேர். மழை பெய்தது, அம்மாவுக்கு இன்று பேர் இல்லை என்பது அவன் கவிதையின் உயிரான அடி. ஆறு சொற்களில் ஒரு வர்க்கத்தின் பொருளாதாரமே அடங்கியிருக்கிறது.

அக்கவிதை கைமாறிக் கைமாறிச் சென்றது. இரு வாரங்களின் பின் முகநூலில் அது நம் கண்ணுக்குப் பட்டது. யாரோ அதற்கு ஒரு படம் சேர்த்திருந்தார்கள்: நுவரெலியாவின் பச்சை மலை, கூடை சுமந்து புன்னகை புரியும் பெண், மேலே வெண்மேகம். இறப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. படத்தில் இடமில்லாமையாற் போலும், பன்னிரண்டு அடிகளில் எட்டே இருந்தன. எழுதியவன் பெயரும் இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் விருப்பம் தெரிவித்திருந்தனர். பலர் கண்ணீர் மல்கக் கருத்துரைத்திருந்தனர். என்ன உரைத்திருந்தனர்? பெயர்கூட இல்லாத ஏழைத் தாய், அநாமதேயத் தியாகி, பெயரற்ற பெண்மை என்றெல்லாம்! பேர் என்பதை அவர்கள் பெயர் என்று கொண்டுவிட்டார்கள். கூலியைப் பற்றிய அடி அவர்கள் கையிற் சோகத்தைப் பற்றிய அடியாகிவிட்டது. பேர் இல்லை என்று எழுதியவனுக்கே பேர் இல்லாமற் போயிற்று.

பெயரின்றிப் பரவுவது குற்றமாயின், நாட்டார் பாடலும் பெயரின்றியே பரவியது அன்றோ என்று கேட்கலாம். வேறுபாடு உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தொகுத்து 1983இல் நூலாக்கித் தந்தார். அப்பாடல்கள் பாடினவர்களும் கேட்டவர்களும் ஒரே மலையில் வேலை செய்தவர்கள். வாய்க்கு வாய் மாறியபோது, மாற்றியவளும் கொழுந்து பறித்தவளே; ஆகையால் மாற்றம் பாடலை வளர்த்தது. இங்கே மாற்றியவர் மலையைக் கண்டிராதவர். அவருக்கு வேண்டியது பார்ப்போரின் ஒரு கணப் பரிவு. அப்பரிவைக் கணக்கிட்டு விளம்பரமாக விற்பது கடல் கடந்த கம்பனி. நாட்டார் பாடலுக்கு உரியவர் சமூகம். இதற்கு உரியவர் எவருமில்லை, இலாபம் ஒன்றைத் தவிர.

வெட்டப்பட்ட நான்கு அடிகளில் என்ன இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். மழைக்கு ஒதுங்கிய கொட்டிலிலே, அயற்கிராமத்திலிருந்து பால் வெட்ட வரும் சிங்களப் பெண்ணொருத்தி அவன் தாயோடு நிற்கிறாள். அவளுக்கும் இன்று பேர் இல்லை. இருவரும் ஒரு வெற்றிலையைக் கிள்ளிப் பகிர்கிறார்கள். சப்ரகமுவ வாழ்க்கையின் தனித்தன்மை இது. தேயிலைச் சிகரங்களிலே தமிழர் திரளாக வாழும் நுவரெலியாவை அளவுகோலாகக் கொண்டே மலையகம் என்னும் சொல் புழங்குகிறது. சிங்களக் கிராமங்களுக்கு இடையில் சிறு சிறு கூட்டமாய் இறப்பர் நிழலில் வாழ்வோரை நமது இலக்கியமும் அதிகம் கண்டதில்லை. கண்ட ஒரு மாணவனின் அடிகளையும் கத்தரித்தாயிற்று.

அந்த வெற்றிலை வெறும் அலங்காரமன்று. யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையான 1981ஆம் ஆண்டிலேயே, ஓகஸ்ட் மாதம், இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன. மக்கள் காட்டுக்குள் ஓடினர். பலர் வன்னிக்கே பெயர்ந்தனர். அன்று வதந்தி வாயினாற் பரவியது. 2018 மார்ச்சில் கண்டி, திகன முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது அது முகநூலினாற் பரவியது. அதற்காக அந்நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. அரசாங்கங்கள் கண்ட மருந்து தடை. 2018இலும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னும், மக்கள் வீதிக்கு இறங்கிய 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. வதந்திக்கென்று சொல்லப்பட்ட தடை 2022இல் ஆட்சியை எதிர்த்த குரலின்மேல் விழுந்ததை நாம் கண்டோம். வெறுப்பைத் தடை நீக்காது. கொட்டிலில் நிற்கும் இரு பெண்களை ஒருவருக்கொருவர் காட்டும் எழுத்தே அதனைச் சிறிதேனும் நீக்கும். அந்த நான்கு அடிகளை இழந்ததை நாம் பெரிதாகக் கொள்வதற்குக் காரணம் இதுவே.

மாணவனை அழைத்துக் கவிதையின் குறையையும் சொன்னோம். ஏனெனில் குறையும் இருந்தது. நடுவில் உள்ள நான்கு அடிகள் அவனுடையவை அல்ல. அட்டை கடித்த கால், குளிரில் நடுங்கும் லயம், பச்சை மலையிற் சிந்திய இரத்தம் என்று முகநூலிற் புழங்கித் தேய்ந்த சொற்கள். தாழ்நிலத்து இறப்பர் மலையிற் குளிர் ஏது? அவன் தயங்கிவிட்டுக் கேட்டான்: “ஆயிரம் பேருக்குப் பிடித்திருக்கிறதே, சேர்?” அவர்கள் அதிகம் விரும்பியது அந்த நான்கு அடிகளைத்தான் என்பதும் உண்மை.

இக்கேள்வியே இன்று விமர்சனத்தின் முன் நிற்கும் கேள்வி. எண்ணிக்கை தீர்ப்பாகுமா? கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரனின் ஆசிரியராயிருந்தபோது புதிய எழுத்தாளர் பலருக்குக் களம் கொடுத்தார். பத்திரிகைக் கதவு சிலருக்கே திறந்தது என்பது மெய். எத்தனையோ நல்ல எழுத்து அன்று குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். இன்று எவரும் எவர் அனுமதியுமின்றி வெளியிடலாம். இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அன்றைய ஆசிரியர் திருத்தினார், கேள்வி கேட்டார், திருப்பி அனுப்பினார். இன்றைய திரை கேள்வி கேட்பதில்லை. கைதட்டுகிறது, அல்லது மௌனமாயிருக்கிறது. என். எஸ். எம். இராமையாவின் ஒரு கூடைக் கொழுந்து, ஒரு பெண் ஒரு நாளிற் பறித்த கொழுந்தின் நிறையைச் சுற்றி எழுந்த கதை. அங்கே கண்ணீருக்கு அழைப்பில்லை. வேலையின் நுணுக்கம் இருக்கிறது. அந்நுணுக்கமே அதை இன்றுவரை வாழ வைத்துள்ளது.

இவற்றைச் சொல்லி, பன்னிரண்டு அடிகளையும் அவன் பெயரோடு தோட்டத்து மக்களுக்கே அனுப்பும்படி கூறினோம். மறுநாள் அவன் முகம் மலர வந்து, அவன் தாயோடு வேலை செய்யும் முதியவள் ஒருத்தி அனுப்பிய குரற்செய்தியை நமக்குக் கேட்பித்தான். இரண்டு நிமிடப் பேச்சு. சாரம் இது: “நல்லாத்தான் எழுதியிருக்க தம்பி. ஆனா வானத்தப் பாத்து நாங்க முடிவு பண்றதில்ல. மரப்பட்டையத் தொட்டுப் பாப்போம். பட்ட ஈரமாயிருந்தா வெட்ட முடியாது. அத எழுது.” நாம் பல்கலைக்கழகத்திற் பயின்ற விமர்சனத்தில் இதனினும் செம்மையான ஒரு வாக்கியத்தைக் கண்டதில்லை. எழுத்தறியாத ஒருத்தி, தன்னைப் பற்றி எழுதப்பட்ட ஒன்றை, அது தன்னை அடைந்த இரண்டாம் நாளே திருத்துகிறாள். ஆயிரம் விருப்பங்கள் தராததை ஒரு குரல் தந்தது. கவிதை இப்போது மரப்பட்டையைத் தொடும் விரலோடு தொடங்குகிறது. அந்த நடு நான்கு அடிகளை அவனே நீக்கிவிட்டான்.

இணையம் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்று பாடசாலை வாயிலிற் கைத்தொலைபேசியைப் பறிப்போரும் உளர். இணையம் புரட்சி செய்துவிட்டது என்று மேடையிற் முழங்குவோரும் உளர். இரு சாராரும் கருவியையே பார்க்கின்றனர். அதை வைத்திருப்பவரின் கூலியையும் மொழியையும் அண்டை வீட்டையும் பார்ப்பதில்லை. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 2023இல் மலையக மக்கள் நடந்து, தாம் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவூட்டினர். அவர்கள் கேட்டவற்றின் அடியில் இருந்தது நிலம். நிலமும் அதில் ஒரு வீடும் அவ்வீட்டுக்கு ஓர் இலக்கமும் கிடைக்கும் வரை, கைத்தொலைபேசியின் பத்து இலக்கங்கள் தற்காலிக முகவரியே. ரீலோட் தீர்ந்த நாளில் அதுவும் அழிந்துவிடும்.

எனவே நாம் வேண்டுவன சில. லயத்துக்கு முகவரி வேண்டும். எச்சரிக்கையும் அறிவித்தலும் அதே நேரத்திலே தமிழில் வரவேண்டும். தோட்டப் பாடசாலைக்கு, பிள்ளைகள் பணமின்றி வாசிக்கத்தக்க இணைய வசதி வேண்டும். இவை அரசாங்கத்திடம் கேட்பவை. ஆசிரியர்களாகிய நாமும் எழுத்தாளர்களும் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அதற்கு வர்த்தமானி தேவையில்லை. பிறர் எழுத்தை அனுப்பும்போது முழுமையாக அனுப்புவோம்; எழுதியவர் பெயரோடு அனுப்புவோம்; யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களுக்கு முதலில் அனுப்புவோம். உழைத்தவருக்குப் பேர் விழவேண்டும் என்பது தோட்டத்தின் பழைய நியாயம். எழுத்துக்கும் அந்நியாயம் பொருந்தும்.